ஆய்வகத்துக்கு வேக்குவம் பம்ப் வாங்கும் முன்: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்கள், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்கள், உணவு ஆய்வகங்கள் எதுவானாலும் வேக்குவம் பம்ப் (பாத்திரத்துக்குள் இருக்கும் காற்றை இழுத்து வெளியேற்றும் சாதனம்) வாங்கும்போது வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கம்பெனிக் கையேடுகளிலும் பதில் இருக்கிறது. ஆனால் குழாய்த் தண்ணீர் 15, 20 டிகிரியில் வரும், கரண்ட் நிலையாக இருக்கும் ஊர்களை மனதில் வைத்து எழுதியவை அவை. இங்கே உள்ள பதில்கள் நம் வெயிலுக்கும் நம் தண்ணீருக்கும் நம் கரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியவை.

ஆய்வகத்துக்கு எந்த பம்ப் நல்லது? ஒரு பெயரைச் சொல்லிவிடுங்களேன்.

பெயர் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். உங்கள் வேலைக்கு அழுத்தம் எவ்வளவு வரை இறங்க வேண்டும்? பம்புக்குள் என்ன போகப்போகிறது: வெறும் காற்றா, நீராவியா, கரைப்பான் ஆவியா, அமில ஆவியா? இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிவிட்டால் தேர்வு முக்கால்வாசி முடிந்த மாதிரி.

ஆனால் பலரும் முதலில் கேட்பது, "எது நன்றாக இழுக்கும்?" என்றுதான். ஆழமாக இழுக்கிற பம்ப் எல்லா வேலைக்கும் நல்லது என்ற எண்ணத்தில்தான் பணம் வீணாகிறது. 40 டிகிரியில் இருக்கும் எத்தனால் 175 மில்லிபாரிலேயே கொதிக்கும். அதை 5 மில்லிபாருக்கு இழுத்தால் குடுவைக்குள் பொங்கி எழுந்து, கண்டென்சரில் (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் பகுதி) நிற்காமல் நேராக பம்புக்குள் போய்விடும். அந்த எத்தனாலில் எடுத்த சாறும் போச்சு, பம்பும் போச்சு.

மில்லிபார், டார், மைனஸ் 700 என்றெல்லாம் சொல்கிறார்களே, எதை நம்புவது?

நம் சமவெளியில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1013 மில்லிபார், அதாவது 760 மில்லிமீட்டர் பாதரசம். டார் என்பதும் மில்லிமீட்டர் பாதரசமும் நடைமுறையில் ஒன்றுதான். 1 டார் 1.33 மில்லிபார். ஏசி வேலை செய்பவர்கள் மைக்ரான் என்பார்கள், 1000 மைக்ரான் 1 டார்.

பம்பின் தலையில் இருக்கும் வட்ட கேஜ், வெளிக்காற்றுக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் காட்டும். முள் மைனஸ் 700-ல் நின்றால் உள்ளே இன்னும் 60 மில்லிமீட்டர், அதாவது 80 மில்லிபார் மிச்சம் இருக்கிறது. ரோட்டவேப்பில் (குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் கருவி) பெரும்பாலான கரைப்பானுக்கு இது தாராளம், ஃப்ரீஸ் டிரையருக்கு (பொருளை உறையவைத்து உலர்த்தும் கருவி) இது ஒன்றுமே இல்லை. "700 மில்லிமீட்டர் வேக்குவம் வரும் சார்" என்று விற்பனையாளர் சொன்னால், "பூஜ்யத்திலிருந்து கணக்கிட்டால் எத்தனை மில்லிபார்?" என்று திருப்பிக் கேளுங்கள். வங்கக் கடலில் புயல் நெருங்கும் நாட்களில் வெளிக்காற்றின் அழுத்தமே இறங்கிவிடும், வட்ட கேஜின் கணக்கும் அதோடு நகரும். பூஜ்யத்திலிருந்து அளக்கும் டிஜிட்டல் கேஜுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பம்பில் கொஞ்சம் சிக்கனம் பிடித்தாவது நல்ல கேஜ் ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

எந்த வேலைக்கு எவ்வளவு வேக்குவம் வேண்டும்?

புக்னர் புனலில் (துளைத் தட்டு உள்ள புனல்) வடிகட்டவும், எச்பிஎல்சி (கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி) கரைப்பானை மெம்பிரேனில் (நுண்துளைச் சவ்வு) வடிகட்டவும் 100 முதல் 300 மில்லிபார் வரை போதும். ரோட்டவேப்பில் 40 டிகிரி ஆவிக்கு அசிட்டோன் 556, மெத்தனால் 337, எத்தில் அசிட்டேட் 240, எத்தனால் 175, தண்ணீர் 72 மில்லிபார் என்பது பலரும் பயன்படுத்தும் கணக்கு. டிஎம்எஃப் போன்ற உயர்கொதிநிலைக் கரைப்பானுக்குத்தான் 10 மில்லிபார் பக்கம் போக வேண்டும். வேக்குவம் அவன் எனும் உலர்த்தும் அடுப்புக்குப் பெரும்பாலும் 10 முதல் 50. ஷ்லெங்க் லைன் (காற்றுப் படாமல் வேதிவினை செய்ய உதவும் குழாய் அமைப்பு), உயர்கொதிநிலைத் திரவங்களின் வடிப்பு என்றால் 1 மில்லிபாருக்குக் கீழே. ஃப்ரீஸ் டிரையருக்கு 0.1 அல்லது அதற்கும் கீழே. இயற்பியல் துறையில் மெல்லிய படலம் பூசுகிறவர்களின் தேவை இவை எல்லாவற்றையும் தாண்டியது. அங்கே இன்னும் ஆழமாக இறங்கும் டிஃப்யூஷன் பம்போ டர்போ பம்போ வேண்டும், கீழே சொல்லப்போகும் ஆயில் ரோட்டரி பம்ப் அதற்குப் பின்னால் நிற்கும் துணை மட்டும்தான்.

குழாயில் மாட்டும் ஆஸ்பிரேட்டர் இருக்கும்போது பம்ப் எதற்கு?

நியாயமான கேள்விதான். ஆஸ்பிரேட்டர் ஓடும் தண்ணீரின் வேகத்தாலேயே காற்றை இழுப்பது. அதற்கு ஆயில் வேண்டாம், மோட்டார் வேண்டாம், அமில ஆவி போனாலும் அது கெடாது. ஆனால் தண்ணீரின் சொந்த ஆவி அழுத்தத்துக்குக் கீழே அதால் இறங்கவே முடியாது. 20 டிகிரி தண்ணீரில் அந்த எல்லை 23 மில்லிபார். 30 டிகிரியில் 42. 35 டிகிரியில் 56. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் மத்தியானம் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், 38 டிகிரிகூடக் காட்டும். அப்போது எல்லை 66 மில்லிபார். வெளிநாட்டுப் புத்தகத்தில் ஆஸ்பிரேட்டரில் செய்யச் சொல்லியிருக்கும் வடிப்பு இங்கே மே மாதம் நடக்காமல் போவதற்கு இதுதான் காரணம். மார்கழியில் அதே வேலை அதே குழாயில் நன்றாக நடக்கும்.

அப்புறம் தண்ணீர்ச் செலவு. ஒரு ஆஸ்பிரேட்டர் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் குடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 400 லிட்டருக்கு மேல். ஒரு வகுப்பில் பத்து மாணவர்கள் ஒரே நேரத்தில் திறந்தால் டேங்க் காலி. மேட்டூர் திறப்பு தள்ளிப்போகிற வருடங்களில் வயலுக்குத் தண்ணீர் இல்லாமல் ஊரே தவிக்கும்போது, நல்ல தண்ணீரை இப்படிச் சாக்கடையில் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் கலந்த போர்த் தண்ணீர் வேறு. உலோக ஆஸ்பிரேட்டர் அரித்துப்போகும், அதன் நுண்துளை உப்புப் படிந்து அடைபடும்.

தொட்டித் தண்ணீரையே சுழற்றும் மாடல்கள் கிடைக்கின்றன. செலவு மிச்சம், ஆனால் ஓட ஓடத் தண்ணீர் சூடேறும். தொட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டே இருந்தால் நன்றாக வேலை செய்யும். வடிகட்ட மட்டும் என்றால் இது போதும். எந்த ஆஸ்பிரேட்டராக இருந்தாலும் குடுவைக்கும் அதற்கும் நடுவே கெட்டியான ஒரு காலிப் பாட்டில் இருக்க வேண்டும். குழாயில் அழுத்தம் குறைகிற நொடியில் தண்ணீர் பின்னால் ஏறி உங்கள் சாற்றில் கலந்துவிடும்.

டயாஃப்ரமா, ஆயில் ரோட்டரியா?

வேதியியல், தாவரவியல், உணவு ஆய்வகத்தில் ஒரே ஒரு பம்ப்தான் வாங்க முடியும் என்றால் டெஃப்லான் உள்பாகங்கள் கொண்ட இரண்டு நிலை (அடுத்தடுத்து இரண்டு முறை இழுக்கும்) டயாஃப்ரம் பம்பை வாங்குங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

டயாஃப்ரம் பம்பில் ஆயில் கிடையாது. ஒரு சவ்வு மேலும் கீழும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஒரு நிலை உள்ளது சுமார் 70 முதல் 100 மில்லிபார் வரை இறங்கும், இரண்டு நிலை 10 மில்லிபார் அல்லது சற்றுக் கீழே, மூன்று நிலை 2 மில்லிபார் பக்கம். ஆவி படும் இடமெல்லாம் டெஃப்லானாக இருந்தால் கரைப்பான் ஆவி, அமில ஆவி எதுவும் எளிதில் ஒன்றும் செய்யாது. சவ்வும் வால்வும் தேயும், மாற்றிக்கொள்ளலாம். வெளியேறும் வழியில் ஒரு சின்னக் கண்டென்சர் வைத்தால் தப்பிவந்த கரைப்பானையும் பிடித்துவிடலாம். குறை என்றால் விலைதான். அதே வேகமுள்ள சாதாரண ஆயில் பம்பைவிடப் பல மடங்கு கேட்பார்கள். இன்னொன்று, விலை குறைந்த டயாஃப்ரம் பம்புகளில் சவ்வு சாதாரண ரப்பராகவும் தலை அலுமினியமாகவும் இருக்கும். வடிகட்ட ஓகே. எத்தில் அசிட்டேட், குளோரோஃபார்ம் பக்கம் கொண்டுபோனால் ரப்பர் உப்பிவிடும்.

ஆயில் ரோட்டரி வேறு ஜாதி. உருளைக்குள் தகடுகள் சுழல, இடுக்கெல்லாம் ஆயில் அடைத்துக்கொள்வதால் அது மிக ஆழமாக இறங்கும். இரண்டு நிலை பம்ப் 0.01 மில்லிபாருக்கும் கீழே போகும். ஃப்ரீஸ் டிரையர், ஷ்லெங்க் லைன், உயர்கொதிநிலை வடிப்பு எல்லாம் இதன் இடம். ஆனால் அதற்குள் போகும் ஆவியெல்லாம் ஆயிலில் கரையும். கரைப்பான் கலந்த ஆயில் நீர்த்துப்போய் உயவு தராது, இறங்கும் ஆழமும் குறையும். அமில ஆவி உள்ளே போனால் உலோகம் துருப்பிடித்துச் சில மாதத்தில் சிக்கிக்கொள்ளும். ஆகவே ஆயில் பம்ப் வாங்குகிறவர் அதோடு கோல்ட் டிராப் (பம்புக்குப் போகும் ஆவியைக் குளிரில் பிடித்து நிறுத்தும் பாத்திரம்), ஆயில் மூட்டம் பிடிக்கும் ஃபில்டர், வருடம் முழுக்க ஆயில் செலவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால் டயாஃப்ரம் அவ்வளவு விலையாகத் தெரியாது.

ஆயில் இல்லாமலே 0.01 மில்லிபார் வரை போகும் ஸ்க்ரோல் பம்ப் ஒன்று உண்டு. நல்ல சாதனம், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கானது. ஈரமும் தூசியும் அதற்கு ஆகாது.

ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் பம்ப் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

அதுவும் ஆயில் ரோட்டரிதான். ஆனால் செம்புக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் கொஞ்சம் ஈரத்தையும் அரை மணி நேரம் இழுத்துவிட்டு நிறுத்துவதற்காகச் செய்தது. நாள் முழுக்க ஓடுவதற்கோ கரைப்பான் ஆவியை விழுங்குவதற்கோ அல்ல. டெசிக்கேட்டரில் (பொருளை ஈரம் படாமல் வைக்கும் மூடிய கண்ணாடிப் பாத்திரம்) காற்று எடுக்க, ரெசினில் குமிழி நீக்க, பள்ளியில் பெல் ஜார் சோதனை காட்ட என்றால் தாராளமாக வாங்கலாம். ரோட்டவேப்பில் மாட்ட வேண்டாம்.

புது பம்ப் மாட்டியும் ரோட்டவேப்பில் கரைப்பான் பிடிபடவில்லை, அறை முழுக்க வாசனை. பம்பில் குறையா?

பெரும்பாலும் பம்பில் குறை இருக்காது. டெல்டா ஆய்வகங்களில் மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோட்டவேப்பில் ஆவியை இழுப்பது கண்டென்சர். பம்ப் முதலில் காற்றை வெளியேற்றி அழுத்தத்தை இறக்கும், அதன் பிறகு ஜாயின்ட் வழியாகக் கசிந்து வரும் கொஞ்சக் காற்றை மட்டும் அப்புறப்படுத்திக்கொண்டிருக்கும். குடுவையிலிருந்து எழும் ஆவி கண்டென்சரில் குளிர்ந்து திரவமாக வேண்டும். அதற்குக் கண்டென்சர் தண்ணீருக்கும் ஆவிக்கும் நடுவே சுமார் 20 டிகிரி, ஆவிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் நடுவே சுமார் 20 டிகிரி இடைவெளி வேண்டும் என்பது பழகிய விதி. 10 டிகிரி தண்ணீர் ஓடினால் ஆவி 30, தொட்டி 50.

இதையே நம் ஊர் மே மாதத்தில் வைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் 35 டிகிரி. ஆவி 55-க்கு வர வேண்டும், தொட்டி 75-க்குப் போக வேண்டும். எத்தில் அசிட்டேட்டை 240 மில்லிபாரில் அல்ல, 450 மில்லிபார் சுற்றித்தான் நிறுத்த வேண்டும். புத்தகத்தில் 240 என்று இருக்கிறதே என்று அங்கே வைத்தால் ஆவி 40 டிகிரியில் வரும், கண்டென்சர் 35-ல் இருக்கும். நடுவே 5 டிகிரிதான். சுருள் குழாயில் மேல் சுற்றுவரை ஈரம் ஏறிப் பளபளக்கும், சொட்டுவது குறையும், பம்ப் வாயில் பழவாசனை அடிக்கும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் சாதாரண அழுத்தத்திலேயே கொதிப்பது; 35 டிகிரி தண்ணீரில் அது ஏறக்குறைய பிடிபடவே பிடிபடாது. இன்னும் பெரிய பம்ப் மாட்டினால் இன்னும் வேகமாக வெளியே போகும், அவ்வளவுதான்.

ஆகவே கையில் இருப்பது ஒரே பட்ஜெட் என்றால், பம்பை ஒரு படி குறைத்துக்கொண்டு, தண்ணீரைக் குளிர்வித்துச் சுழற்றும் சில்லர் கருவி ஒன்றை வாங்குங்கள். மஞ்சள், வேம்பு, நிலவேம்பு என்று சாறு எடுப்பவர்களுக்குத் தொட்டியை 75-க்குச் சூடாக்குவதும் நல்லதல்ல, சூடு தாங்காத கூறுகள் அதில் சிதையும். சில்லருக்கு வழியில்லை என்றால், மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸும் தண்ணீரும் போட்டு, ஏர் கூலரில் இருக்கும் சின்ன பம்ப் ஒன்றை அதற்குள் இறக்கிக் கண்டென்சருக்குச் சுழற்றலாம். நாகை, காரைக்கால் பக்கம் படகுகளுக்கு ஐஸ் தரும் கம்பெனிகள் இருப்பதால் பாளமாகவே கிடைக்கும். தண்ணீரும் வீணாகாது.

அழுத்தத்தை நாம் சொல்லும் எண்ணில் நிறுத்தும் கன்ட்ரோலரும் கிட்டத்தட்ட அவசியம். அது இல்லாவிட்டால் ஊசி வால்வு ஒன்றைப் போட்டு, கொஞ்சம் காற்றை உள்ளே கசியவிட்டுச் சமாளிக்கலாம். பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும்.

பம்பின் வேகம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இருக்க வேண்டும்?

கணக்கு எளிது. கொள்ளளவை வேகத்தால் வகுத்து, ஆரம்ப அழுத்தத்துக்கும் இறுதி அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தின் இயல்மடக்கையால் (கால்குலேட்டரில் ln) பெருக்க வேண்டும். 30 லிட்டர் வேக்குவம் அவன், நிமிடத்துக்கு 30 லிட்டர் பம்ப், 1013-லிருந்து 10 மில்லிபாருக்கு என்றால் விகிதம் சுமார் 100, இயல்மடக்கை 4.6, ஆக 4.6 நிமிடம். பம்ப் ஆழம் இறங்க இறங்க அதன் வேகம் குறையும் என்பதால் நடைமுறையில் இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 1 கனமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 16.7 லிட்டர், சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) கணக்கில் சொன்னால் 1 சிஎஃப்எம் 28 லிட்டர்.

ஒரு லிட்டர் குடுவை ரோட்டவேப்புக்கு நிமிடத்துக்கு 20 முதல் 30 லிட்டர் போதும். பெரிய பம்பை மெல்லிய நீளக் குழாயில் மாட்டினால் அந்த வேகம் குடுவைக்கு வந்து சேராது. சுவர் தடித்த வேக்குவம் டியூப்பை, முடிந்தவரை குட்டையாக வெட்டிப் போடுங்கள்.

வாய்க்கால் தண்ணீரை மெம்பிரேனில் வடிகட்டினால் பாதியில் நின்றுவிடுகிறது. பெரிய பம்ப் வேண்டுமா?

வேண்டாம். கல்லணை திறந்த புதிதில் வரும் செந்நிறத் தண்ணீரில் வண்டல் நிறைய இருக்கும். அது மெம்பிரேனின் 0.45 மைக்ரான் அகலத் துளைகளின் மேல் ஒரு தோல் மாதிரி படிந்துவிடும், எவ்வளவு இழுத்தாலும் அந்தத் தோல் இறுகத்தான் செய்யும். மேலே ஒரு கண்ணாடி இழைத் தாளை முன்வடிகட்டியாகப் போடுங்கள். கோலிஃபார்ம் (தண்ணீரின் மாசைக் காட்டும் பாக்டீரியா) எண்ணுகிறவர்கள் அப்படிச் செய்யக்கூடாது, பாக்டீரியாவும் முன்வடிகட்டியிலேயே தங்கிவிடும். அவர்கள் குறைந்த அளவு தண்ணீரை எடுத்து, மலட்டு நீரில் நீர்த்து வடிகட்டுவதே சரி.

நெல் ஈரப்பதம் பார்க்க வேக்குவம் அவன் தேவையா?

தேவையில்லை. 130 டிகிரி சாதாரண ஹாட் ஏர் அவன் போதும். வெல்லம், பழக்கூழ் போல சர்க்கரை மிகுந்தவற்றுக்குத்தான், 100 டிகிரியில் சர்க்கரை சிதையும் என்பதால், வேக்குவத்தில் 70 டிகிரிக்குள் உலர்த்துகிறோம்.

ஆயில் பால் போல வெளுத்துவிட்டது. என்ன செய்வது?

தண்ணீர் கலந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது அடிக்கடி நடக்கும். 1 கிராம் தண்ணீர் 1 மில்லிபாரில் ஆவியானால் சுமார் 1,400 லிட்டர் இடம் பிடிக்கும். அத்தனையும் பம்பின் அறைக்குள் மறுபடி அமுக்கப்படும்போது, வெளியே போகும் வால்வு திறப்பதற்கு முன்பே திரும்பத் தண்ணீராகி ஆயிலில் கலக்கிறது. இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் வோல்ஃப்காங் கேடே. 1935-ல் அவர் கொண்டுவந்த கேஸ் பேலஸ்ட் இன்றும் அப்படியே இருக்கிறது. அமுக்கும் அறைக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை விட்டால், ஆவி தண்ணீராவதற்கு முன்பே வால்வு திறந்து காற்றோடு வெளியே போய்விடும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. வேலை தொடங்கும் முன் 20, 30 நிமிடம் கேஸ் பேலஸ்ட்டைத் திறந்து பம்பைத் தனியே ஓடவிட்டுச் சூடாக்குங்கள். வேலை முடிந்ததும் இன்னொரு அரை மணி நேரம் அப்படியே ஓட்டுங்கள். லேசாக வெளுத்த ஆயில் இதிலேயே தெளிந்துவிடும். கண்ணாடிச் சாளரத்தில் மோர் மாதிரி தெரிகிற அளவுக்குப் போய்விட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். சூடாக இருக்கும்போதே வடித்து, கொஞ்சம் புது ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி அதையும் வடித்துவிட்டு, பிறகு நிரப்புங்கள். கேஸ் பேலஸ்ட் திறந்திருக்கும்போது இறங்கும் ஆழம் குறையும். அது பழுது அல்ல.

வடித்த ஆயிலைச் சிங்கிலோ கொல்லை வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். அந்த வாய்க்கால் யார் வயலுக்காவது போகிறது. கேனில் சேர்த்து, உள்ளே என்ன கரைப்பான் போனது என்று எழுதி ஒட்டி, அபாயகரக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள்.

வேலை நடுவே கரண்ட் போனால்?

ஆயில் பம்ப் நின்ற நொடியில் குடுவைக்குள் வேக்குவம், பம்புக்குள் காற்றழுத்தம். ஆயில் குழாய் வழியாக உங்கள் பொருளை நோக்கி ஏறும். பம்ப் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் வால்வு உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். இருந்தாலும் நடுவே ஒரு டிராப் பாட்டில் இருக்கட்டும்.

கரண்ட் திரும்பி வரும்போது பம்ப் தானாக ஓடக்கூடாது. வயல் பம்ப்செட்டில் கரண்ட் வந்ததும் தானே ஓட ஆட்டோ ஸ்டார்ட் மாட்டியிருப்போம். ஆய்வகத்தில் அது நேர் எதிரான வேலை. ஆள் வந்து பட்டனை அழுத்தினால்தான் ஓடும்படி ஸ்டார்ட்டர் போடுங்கள். டயாஃப்ரம் பம்பிலும் ஒரு விஷயம் உண்டு: பல மாடல்கள் வேக்குவம் இருக்கும்போது கிளம்பாது, முனகிக்கொண்டு நிற்கும். முதலில் காற்றை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் ஓட்ட வேண்டும்.

குறைந்த வோல்ட்டேஜும் அதே மாதிரி ஆபத்து. மாலை நேரத்தில் 180-க்கு இறங்கும் இடத்தில் மோட்டார் கிளம்பாமல் உறுமும், விட்டுவைத்தால் காயில் எரியும். ஸ்டெபிலைசர் வாங்கும்போது ஓடும்போது எடுக்கும் கரண்டை மட்டும் பார்க்காதீர்கள், கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும்.

ஃப்ரீஸ் டிரையருக்கு என்ன பம்ப்?

கேஸ் பேலஸ்ட் உள்ள இரண்டு நிலை ஆயில் ரோட்டரி. இங்கும் நீராவியைப் பிடிப்பது கண்டென்சர்தான். மைனஸ் 40 டிகிரி பனிக்கட்டியின் ஆவி அழுத்தம் 0.13 மில்லிபார், மைனஸ் 50-ல் 0.04. கண்டென்சர் குளிரும் முன்பே பம்பைப் போட்டால் ஈரமெல்லாம் ஆயிலுக்குப் போய்விடும். 0.1 மில்லிபாரில் 1 கிராம் பனிக்கட்டி தரும் ஆவி 11,000 லிட்டருக்கு மேல், அதை எந்த பம்பாலும் விழுங்க முடியாது. மதியம் அறை 38 டிகிரி இருந்தால் கண்டென்சரின் கம்ப்ரெசரும் திணறும், ஏசி உள்ள அறையில் வைப்பது நல்லது.

தனியாகக் கோல்ட் டிராப் வைக்கிறவர்கள் சிலர் கால்நடை சினை ஊசிக்கு வரும் திரவ நைட்ரஜனை வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். அதில் கவனமாக இருங்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, ஆக்சிஜன் மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும். குளிர்ந்த டிராப்புக்குள் வெளிக்காற்று தொடர்ந்து போனால் நீல நிறத்தில் திரவ ஆக்சிஜன் சேரும். அது கரைப்பானோடு சேர்ந்தால் வெடிக்கும். கசிவு இல்லை என்று உறுதியான லைனில் மட்டும், பம்ப் ஓடி அழுத்தம் இறங்கிய பிறகே டிராப்பை நைட்ரஜனில் இறக்குங்கள்.

கண்ணாடிப் பாத்திரம் உடையுமா?

உடையும். 24 சென்டிமீட்டர் டெசிக்கேட்டர் மூடியின் மேல் காற்று சுமார் 450 கிலோ எடையோடு உட்காருகிறது. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் பதினொன்றை அடுக்கிவைத்த மாதிரி. நட்சத்திரக் கீறல் இருக்கும் எதையும் வேக்குவத்தில் போடாதீர்கள். கூம்புக் குடுவை, தட்டை அடிக் குடுவை வேண்டவே வேண்டாம்; உருண்டைக் குடுவை அல்லது சுவர் தடித்த வடிகுடுவை மட்டும். டெசிக்கேட்டர் மேல் டேப் சுற்றுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

சிவில் துறையில் களிமண்ணின் ஒப்படர்த்தி பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடர்த்திப் பாட்டிலில் காற்றை எடுக்கும்போது மெதுவாக இறக்குங்கள். 30 டிகிரி தண்ணீர் 42 மில்லிபாரிலேயே கொதிக்கும், வேகமாக இழுத்தால் மண்ணோடு பொங்கி வழியும், எடைக் கணக்கு தப்பிவிடும்.

டெண்டரில், ஜெம் (அரசுக் கொள்முதல்) தளத்தில் எப்படி எழுதுவது?

"வேக்குவம் பம்ப், அரை எச்பி" என்று மட்டும் எழுதினால், விலை குறைவாக யார் கொடுக்கிறாரோ அவருடையதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மோட்டாரின் எச்பி பம்பைப் பற்றி எதுவும் சொல்லாது. இறுதி அழுத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து மில்லிபாரில் எழுதுங்கள், கேஸ் பேலஸ்ட் திறந்த நிலையிலும் கேளுங்கள். வேகத்தைச் சாதாரண அழுத்தத்தில் ஒன்று, உங்கள் வேலை அழுத்தத்தில் ஒன்று என இரண்டாகக் கேளுங்கள். ஆவி படும் பாகங்கள் என்ன பொருள் என்று எழுத்தில் வாங்குங்கள். 40 டிகிரி அறையில் தொடர்ந்து ஓடுமா என்பதையும் சேருங்கள். இது பலர் விட்டுவிடுகிற வரி.

கேஎன்எஃப், வாக்கூபிராண்ட் இரண்டும் டெஃப்லான் டயாஃப்ரத்துக்கும், எட்வர்ட்ஸ், ஃபைஃபர், லேபோல்ட் ஆயில் ரோட்டரிக்கும் பெயர் பெற்றவை. பெங்களூரின் ஹிண்ட் ஹை வேக்குவம் நம் நாட்டிலேயே செய்கிறது. எதை எடுத்தாலும் சவ்வு, வால்வு, சீல் கிட் திருச்சிக்கோ சென்னைக்கோ எத்தனை நாளில் வரும் என்று கேட்டு, ஒரு செட்டை பம்போடு சேர்த்தே ஆர்டர் போடுங்கள். மார்ச் மாதம் கிராண்ட் தீர்ந்த பிறகு அது கிடைக்காது.

பம்ப் வந்து இறங்கியதும் என்ன சோதிக்க வேண்டும்?

கையெழுத்துப் போடும் முன், பம்பின் இழுக்கும் வாயை மூடி, பூஜ்யத்திலிருந்து அளக்கும் கேஜை நேராக பம்பிலேயே மாட்டி ஓட்டுங்கள். டயாஃப்ரம் பம்ப் சில நிமிடத்தில் சொன்ன எண்ணுக்கு வர வேண்டும், ஆயில் பம்புக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். ஆயில் பம்பில் தொடக்கத்தில் கடகடவென்று வரும் சத்தம் காற்று தீரத் தீர அடங்கி, உலர்ந்த மெல்லிய தட்டலாக மாறும். அது நல்ல அறிகுறி. பிறகு உங்கள் ரோட்டவேப்பையோ வேக்குவம் அவனையோ மாட்டி இறக்கி, வால்வை மூடி, பம்பை நிறுத்தி, கேஜ் ஏறும் வேகத்தைப் பாருங்கள். பம்ப் தனியே சொன்ன எண்ணைத் தொட்டு, கருவியோடு சேரும்போது ஏறுகிறது என்றால் கசிவு ஜாயின்டிலோ பழைய ரப்பர் குழாயிலோதான். பம்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இரண்டு எண்களையும் தேதியோடு பம்பின் மேலேயே ஒட்டிவையுங்கள். அடுத்த வருடம் பம்ப் இழுக்கவில்லை என்று யாராவது சொன்னால் ஒப்பிட அந்த எண்கள்தான் கையில் இருக்கும்.